மராத்தியில் வந்திருக்கும் காவல் நிலைய நோட்டீஸ்: தம்பி மீதும் அம்மா மீதும் போட்டிருக்கும் பிரிவுகளுக்கு என்ன பொருள், வழக்கறிஞரை எப்படி அமர்த்துவது?

தாராவி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, தாராவியில் தொண்ணூறடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். தம்பிக்கு 24 வயது. தோல் பட்டறையில் மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்க்கிறான். அம்மாவுக்கு 58 வயது. எங்களுக்கு இந்தி பேச வரும், மராத்தி காதால் கேட்டால் பாதி புரியும், படிக்கத் தெரியாது.

போன வாரம் காலையில் தண்ணீர் வரும் நேரத்தில், டிரம்மை யார் முதலில் வைத்தது என்று எதிர்வீட்டாருக்கும் அம்மாவுக்கும் வாய்த்தகராறு வந்தது. சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். (இந்த இடத்தில் நான் எழுதியிருந்த சில வரிகளை, கீழே வழக்கறிஞர் சொன்னதால் நீக்கியிருக்கிறேன்.) எதிர்வீட்டுக்காரருக்கு முன்கையில் காயம் ஏற்பட்டு, சயான் மருத்துவமனையில் தையல் போட்டிருக்கிறார்கள். அம்மா யாரையும் தொடவில்லை.

நான்கு நாள் கழித்துத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு தாளின் புகைப்படம் வந்தது. முழுவதும் மராத்தி, பாதி அச்சு, மீதி பேனாவால் கிறுக்கி எழுதியது. எண்கள்கூட அந்த எழுத்தில்தான் இருந்தன. அவர்களுடைய ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பதைப் போலத் தெரிவதால், 115 என்பதை நான் 994 என்று வாசித்து, அப்படி ஒரு பிரிவைத் தேடி ஒரு இரவு முழுவதும் கண் விழித்திருந்தேன். மறுநாள் மளிகைக் கடை அண்ணாச்சிதான் படித்துச் சொன்னார்: 118(1), 115(2), 352, 3(5). அம்மா பெயரும் தம்பி பெயரும் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவர் ‘ஜாமீன் கிடைக்காத கேஸ், உடனே ஊருக்கு அனுப்பிவிடு’ என்கிறார். இன்னொருவர் ‘கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்தப் பிரிவுகள் என்ன சொல்கின்றன, வெள்ளிக்கிழமை போகலாமா, வழக்கறிஞரை எங்கே தேடுவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

கோட்டை வழக்கறிஞர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். சண்டையின்போது யார் கையில் என்ன இருந்தது, காயம் எப்படி ஏற்பட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிகளை இப்போதே நீக்கிவிடுங்கள். இது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடம். அந்த விவரங்களை உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும், ஒன்றுவிடாமல், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், அக்கம்பக்கத்தில் பழைய அனுபவம் உள்ளவர்களுக்குக்கூட இந்த எண்கள் புரியாது. 115(2) என்பது காயம் ஏற்படுத்தியது, அதாவது பழைய 323. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 352 என்பது சண்டைக்குத் தூண்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தது, பழைய 504. இவை இரண்டு மட்டும் இருந்திருந்தால் நம் ஊர்க்காரர்கள் ‘என்.சி.’ (நான்-காக்னிசபிள்) என்று சொல்கிறார்களே, அந்தப் பதிவோடு நின்றிருக்கும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவல் துறை விசாரிக்கவே முடியாது. வழக்கின் கனம் முழுவதும் 118(1) என்ற பிரிவில் இருக்கிறது. வெட்டவோ குத்தவோ பயன்படும் கருவியால், அல்லது ஆயுதமாக ஓங்கினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பொருளால் காயப்படுத்தியதாகக் குற்றம் சாட்டுவது அது; பழைய 324. மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 3(5) தனிக் குற்றம் அன்று. ஒரே நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு என்று சொல்லும் பிரிவு. யாரையும் தொடாத உங்கள் அம்மா இந்த வழக்குக்குள் வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

பழைய சட்டத்தில் 324 பிணையில் விடக்கூடிய குற்றமாக இருந்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் 118(1) பிணையில் விட முடியாத குற்றமாகிவிட்டது. ஆனால் இந்தச் சொற்றொடர் மக்களை வீணாக நடுங்க வைக்கிறது. பிணையே கிடையாது என்பது அதன் பொருள் அன்று. காவல் நிலையத்திலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிபதி பரிசீலித்துத்தான் கொடுப்பார் என்பதே பொருள்.

அதைவிட முக்கியமான செய்தி, உங்களுக்கு வந்திருப்பது கைது அன்று, அழைப்பு என்பது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அந்த நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி வந்த நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும்; வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைக்கிறவரை, கைது ஏன் தேவை என்று அதிகாரி காரணங்களை எழுத்தில் பதிவு செய்யாமல், கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் ஊருக்குப் போனால் அந்தப் பாதுகாப்பைத் தம்பியே தன் கையால் அவிழ்த்துப் போட்டதாகும். இத்தகைய நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையான சேர்ப்பிப்பு ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது என்பது உண்மை. அதைக் காரணமாக வைத்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வழக்கறிஞரோடு போய், தாளில் நோட்டீஸை வாங்கி, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்திட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முன்பிணை கேட்டுச் செஷன்ஸ் நீதிமன்றம் போக வேண்டுமா என்பதை, காயச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எலும்பு முறிவு என்று அதில் இருந்தால் அது கொடுங்காயம் ஆகி, பிரிவு 118(2)க்கு மாறலாம். அதன் தண்டனை ஓராண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். வெறும் தையல்தானா, எலும்பைத் தொட்டதா என்ற இந்த ஒரு விவரத்தில் உங்கள் வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

காவல் நிலையத்தில் தம்பி சொல்வதை எழுதிக்கொள்வார்கள். விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது சட்டம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலும் சாட்சியமாகாது. நோட்டீஸ் பெற்றதற்கான கையெழுத்து வேறு, வாசிக்கத் தெரியாத மராத்தித் தாளின் அடியில் போடும் கையெழுத்து வேறு. எந்தத் தாளாக இருந்தாலும், இது என்ன என்று கேட்டுப் புரிந்துகொள்ளாமல் பேனாவைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மும்பை காவல் துறையின் தளத்தில் தேடி எடுத்து, மராத்தி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தில் ஏதாவது கடையின் கேமரா இருந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

செம்பூர்ப் பெரியவர் எழுதியது:

தங்கச்சி, வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் பட்டதைச் சொல்கிறேன். 2018இல் என் மீதும் இதே போன்ற ஒரு வழக்கு, அப்போது 324, பதிவானது. எனக்கு அமைந்த வழக்கறிஞர் நீதிமன்ற வாசலிலேயே ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வந்து சேர்ந்தவர். முன்பணத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு, ரசீதும் தராமல், மூன்றாவது தாரீக்கிலிருந்து (விசாரணைத் தேதியிலிருந்து) வருவதை நிறுத்திவிட்டார்.

அந்த மூன்றாவது தாரீக்கைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் காலை பத்தரைக்கே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர் வழக்கப்படி எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. காவல் நிலையத்தில் அப்பா பெயரையே குடும்பப் பெயராகக் கடைசியில் சேர்த்து எழுதியிருந்தார்கள். சிப்பாய் கதவருகே வந்து மராத்தி உச்சரிப்பில் அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோன என் அப்பாவின் பெயரை யாரோ கூப்பிடுவது காதில் விழுந்தது. அது என்னைத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. மாலையில் குமாஸ்தாவிடம் கேட்டபோது, நான் வரவில்லை என்று பதிவாகி வாரண்ட் பிறந்திருந்தது. வாரண்ட் பிறப்பித்த அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நடந்ததைச் சொல்லி அதை ரத்து செய்ய எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் என் மனைவி எழுந்து நின்றுவிடுவாள்.

அதனால் தம்பியின் பெயரும் அம்மாவின் பெயரும் அறிக்கையில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஆதாரில் உள்ளதற்கு மாறாக இருந்தால் வழக்கறிஞர் மூலம் திருத்தக் கேளுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் பதினாறு இலக்கமுள்ள சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தாரீக் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். யாரையும் நம்பி இருக்க வேண்டாம். அன்றன்று நீதிமன்றத்தில் நடந்ததை ரோஜ்நாமாவில் எழுதுவார்கள். வழக்கறிஞர் ‘நான் வந்தேன்’ என்று சொன்னாரா, உண்மையில் வந்தாரா என்பது அதில் தெரியும். பிறகு ஒரு நண்பர் சொல்லி வேறு வழக்கறிஞரை அமர்த்தினேன். அவர் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், வக்காலத்துத் தாளை நிரப்பிய பிறகே கையெழுத்து வாங்கினார். வழக்கு நான்கு ஆண்டு நடந்து விடுதலையில் முடிந்தது.

தாராவி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை செம்பூர் ஐயா சொன்ன தெரிந்தவர் மூலம் ஒரு வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போனோம். இரண்டு மணி நேரம் விசாரித்துவிட்டு இருவரையும் அனுப்பிவிட்டார்கள். காயம் தசையோடு நின்றதாகவும் எலும்பில் ஒன்றும் இல்லை என்றும் வழக்கறிஞர் விசாரித்துச் சொன்னார். அம்மாவின் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் இருந்தது. அதைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டு கவலைகள் மிச்சம். வழக்கு முடியும் வரை கட்டணம் கொடுக்க எங்களால் ஆகாது. இலவசச் சட்ட உதவி கேட்டால் பேருக்கு ஒருவரைக் கொடுப்பார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அடுத்தது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது பிணை எடுக்க வேண்டும், மும்பையில் ஆள் ஜாமீன் வேண்டும் என்கிறார்கள். எங்களுக்குச் சொந்த வீடு இல்லை, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

மாட்டுங்கா தன்னார்வலர் எழுதியது:

சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருப்பதால் இதற்கு நான் பதில் சொல்வது பொருத்தம். இலவச வழக்கறிஞர் என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதன்று. அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவிலிருந்தும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலிருந்தும் வருகிற உரிமை அது. உங்கள் அம்மா பெண் என்பதால் அவருக்கு வருமான வரம்பே கிடையாது. தம்பிக்கு வரம்பு உண்டு; மகாராஷ்டிரத்தில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அவர் ஆண்டுச் சம்பளம் 2,16,000 என்பதால் அவரும் தகுதி உள்ளவரே. காவலில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. மும்பை நகர மாவட்டத்துக்கும் புறநகர் மாவட்டத்துக்கும் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன. வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு வருகிறதோ அந்த வளாகத்தில் உள்ள சட்ட உதவி மேசையில் கேட்டால் விண்ணப்பம் தருவார்கள். 15100 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் பேசலாம். எந்த இடத்திலும் கட்டணம் கிடையாது.

தரத்தைப் பற்றிய பயம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறை இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2022 முதல் பல மாவட்டங்களில், குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வழக்கறிஞர்களை ஆணையமே நியமித்து வருகிறது. கொடுத்த வழக்கறிஞர் ஆஜராகாவிட்டால் தேதியோடு எழுதிக் கொடுத்து மாற்றித் தரக் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே ‘தமிழ் அல்லது இந்தி பேசுபவர் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டாயமில்லை என்றாலும் கிடைத்தால் கொடுக்கத்தான் பார்ப்பார்கள்.

ஆள் ஜாமீன் பற்றி நீங்கள் கேட்டது 1978இலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி. மோத்தி ராம் என்ற கொத்தனாருக்குப் பிணை கிடைத்தும், நீதித்துறை நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் சாந்தினி சௌக்கிலும் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டார். கொத்தனாரை 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பின் பெயரை உங்கள் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். நடைமுறையில் மும்பை நீதிமன்றங்கள் முதலில் ரொக்கப் பிணையில் விட்டு, ஆள் ஜாமீன் கொண்டுவரச் சில வாரம் அவகாசம் தருவது உண்டு. அந்த ரொக்கத்துக்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வழக்கு முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற அதுதான் ஆதாரம். நீதிமன்ற வாசலில் ‘ஜாமீன்தார் ஏற்பாடு செய்கிறேன்’ என்று வருகிறவர்கள் பக்கம் மட்டும் போக வேண்டாம். பொய்யான ஆவணத்தோடு வரும் ஜாமீன்தாரால் பிணை ரத்தாவதோடு புதிய வழக்கும் வந்து சேரும்.

கோட்டை வழக்கறிஞர் எழுதியது:

காயம் எலும்பைத் தொடவில்லை என்பது நல்ல செய்தி. இனி நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தகவல் அறிக்கையில் இருக்கும் பிரிவுகள் புகார் கொடுத்தவர் சொன்னதை வைத்துப் போட்டவை. விசாரணை முடிந்து தாக்கலாகும் குற்றப்பத்திரிகையில் அவை கூடலாம், குறையலாம். அதன் நகல்களை இலவசமாக, ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். நகல் கிடைத்த 60 நாளுக்குள், ஆதாரம் இல்லாத பிரிவுகளிலிருந்து விடுவிக்கும்படி மனுச் செய்யலாம். உங்கள் அம்மாவுக்கு இதை அவசியம் செய்யச் சொல்வேன், ஏனென்றால் வெறும் உடன் இருந்ததை மட்டும் வைத்து 3(5) நிற்காது. அதற்குப் பிறகு நீதிபதி எதைக் குற்றச்சாட்டாக வனைகிறாரோ அதுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டு.

எதிர்வீட்டாரோடு மனம் ஒத்துப்போனாலும், 118(1) வழக்கை நடுவர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்க வழியில்லை. இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட வேண்டும். அதற்காகவாவது சந்தில் பேச்சுவார்த்தையை முறித்துவிடாதீர்கள். ஆனால் சாட்சிகளிடம் தம்பி தனியாகப் பேசப் போக வேண்டாம், பெரியவர்கள் மூலமாகவே நடக்கட்டும்.

மொழி பற்றி ஒன்று. குற்றப்பத்திரிகையைத் தமிழில் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கைது நேர்ந்தால், அதன் காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில், மும்பையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சாட்சி சொல்வது புரியாத மொழியில் இருந்தால், திறந்த நீதிமன்றத்திலேயே அதைப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 314ஆம் பிரிவு சொல்கிறது. கேட்காதவர்களுக்கு யாரும் பெயர்த்துச் சொல்வதில்லை என்பதால், முதல் நாளே ‘எனக்கு மராத்தி புரியாது’ என்று வழக்கறிஞர் மூலம் பதிவு செய்யுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும் நீதிபதி முதலில் ‘சமஜ்லே கா’ என்பார், புரிந்ததா என்று. தலையை ஆட்டுவார்கள். அடுத்த மூச்சில் ‘குன்ஹா கபூல் ஆஹே கா’ என்பார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று. அதற்கும் அதே தலையாட்டல் வந்துவிடும்; நம்மவர்கள் சிலர் அப்படித் தலையாட்டி நின்றதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான். பின்னாளில் வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ காவல் துறைச் சரிபார்ப்பு வரும்போது அது எழுந்து நிற்கும். தம்பியும் அம்மாவும் வழக்கறிஞரோடு பேசி எந்த முடிவுக்கு வந்தாலும், இந்த இரண்டு கேள்விகளையும் இன்றிரவே வீட்டில் அவர்களிடம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழக்குங்கள். குற்றத்தை மறுப்பதாக இருந்தால் சொல்ல வேண்டிய சொல் ‘கபூல் நாஹி’.